செத்த கோழியைப் பார்த்துச் சொல்கிறவர்

செத்துப்போன கோழியை அவர் ஒருநாளும் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கியதில்லை. இரண்டு கைகளாலும் ஏந்தி மடியில் போட்டுக்கொண்டு, கழுத்திலிருந்து வால்வரை இறகுகளை ஊதி ஊதி விலக்கிப் பார்ப்பார். அதுவரை கத்திக்கொண்டிருந்தவர்கள் அந்த நேரத்தில் அடங்கிவிடுவார்கள். கழுத்தில் சின்னதாக இரண்டு பல் பதிந்திருந்தால் கீரி. தலையே இல்லையென்றால் மரநாய். கோழியைக் காணாமல் வேலியோரம் இறகு மட்டும் சிதறிக் கிடந்தால் நரி. பெரிய காயம் இல்லாமல் முதுகு இறகெல்லாம் எச்சிலில் நனைந்து ஒட்டிக் கிடந்தால் நாய். அதுவும் பசிக்குக் கொன்றதல்ல, விளையாடிக் கொன்றது. பார்த்து முடித்ததும் ஒரு வார்த்தை சொல்வார். எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

கெலமங்கலம் சாலையில் எங்கள் ஊரையும் சேர்த்து மூன்று நான்கு ஊர்களில் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் பேச்சில்லை. எண்பதுகளின் நடுவில் நான் அங்கே போனபோது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஊரார் ‘நாய்க்காரம்மா’ என்றார்கள். நான் கடைசிவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். கட்டட வேலைக்கென்று பெங்களூர் போன கணவர் திரும்பி வரவில்லை என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு, ஏழெட்டு ஆடு, கெம்பி என்று ஒரு நாய். கெம்பி என்றால் கன்னடத்தில் சிவப்பி. ஆடு மேய்ப்பவர்கள் வைத்திருக்கும் பெரிய சாதி மந்தை நாய் அது. ஆளுயரத்துக்கு எழுந்து நிற்கும். அதன் காலடியில் குஞ்சுகள் இரை பொறுக்கிக்கொண்டிருக்கும். அது கண்ணைத் திறந்துகூடப் பார்க்காது.

நாங்கள் விருதுநகர் பக்கத்து ஆட்கள். என் கணவருக்கு ஓசூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை. கம்பெனி பஸ் கெலமங்கலம் சாலையில் நின்று போகும் என்பதால் அங்கே அரை ஏக்கர் வாங்கி வீடு போட்டோம். எங்கள் ஊர் வெயிலுக்குப் பழகிய எனக்கு அந்தப் பனியும் குளிரும் பிடிபடவே ஒரு வருடம் ஆயிற்று. கணவர் ஷிப்டுக்குப் போய்விட்டால் பேச ஆளில்லை. பாஷையும் சிக்கல், பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம். கோழி வளர்க்கத் தொடங்கியது அந்தத் தனிமையில்தான். பத்துக் கோழி எண்பதானது. எண்பதானதும் நரி வந்தது.

நாய்க்குட்டி வேண்டுமென்று கேட்டுப் போனபோது அக்கா என்னை எதுவும் கேட்கவில்லை. “மொதல்ல கோழிங்கள பாக்கறன்” என்றார். வந்து வேலியை ஒரு சுற்று நடந்து பார்த்தார், சேவல்களைப் பார்த்தார், எங்கள் சாதுவான சேவல் ஒன்றைக் காட்டி அது உதவாது, கொத்துகிற சேவலாக ஒன்று வாங்கு என்றார். இரண்டு வாரம் கழித்துக் கெம்பியின் ஈற்றில் ஒரு ஆண்குட்டியைக் கொண்டுவந்தார். ஆனால் விட்டுவிட்டுப் போகவில்லை. தினமும் காலையில் ஆடுகளை ஓட்டி விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவார். குட்டியின் கயிற்றைத் தன் கணுக்காலில் கட்டிக்கொண்டு கோழிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிடுவார். வேறு ஒன்றும் செய்யமாட்டார். அவரைக்காய் உரிப்பார், தலை வாருவார். குட்டி ஒரு கோழியை உற்றுப் பார்த்து உடம்பை விறைத்தால் மட்டும் தாழ்ந்த குரலில் “பேடா” என்பார். வேண்டாம் என்று அர்த்தம். நாய்களிடம் கன்னடம், பக்கத்து வீட்டாரிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ். ஒன்றுக்கொன்று கலக்காமல் பேசுவார்.

பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, எப்போது பழக்க ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டேன்.

“இதுதான் பழக்கறது. கோழிய பாத்து அதுக்கு சலிச்சிப் போவணும். கொட்டாவி வுட்டுச்சின்னா பாதி வேலை முடிஞ்சிது.”

மூன்றாவது வாரத்தில் குட்டி கொட்டாவி விட்டது. அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வேலை எதுவும் செய்யாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே சுற்றி வருகிறான் என்று என் கணவர் அவனுக்குப் போர்மேன் என்று பெயர் வைத்தார். ஒன்பது மாதத்தில் அவனுக்கு விடலைக் குணம் வந்தது. ஒருநாள் ஒரு பெட்டையைத் துரத்தி முதுகு இறகைப் பிடுங்கிவிட்டான். நான் பதறிப்போய் ஆள் அனுப்பினேன். அக்கா வந்து பெட்டைக்கு மஞ்சள் வைத்தார், போர்மேனை ஏரிக்கரை முழுக்க ஓட விட்டுக் களைக்க வைத்துக் கூட்டிவந்தார், பழையபடி கயிற்றைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இன்னும் நான்கு மாதம் அப்படியே உட்கார்ந்தார். இரண்டு வயது ஆகும்வரை ஆள் இல்லாமல் கோழிகளோடு விடவே கூடாது என்றார். விடவில்லை. இரண்டு வயதில் விட்டோம். அதன்பிறகு நரி எங்கள் வேலிப் பக்கம் வரவில்லை. சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கி, அதை விரட்டத் தூரத்து ஊர்களில் வெடி போடும்போது மட்டும் போர்மேன் கோழிக் கூண்டோடு ஒட்டிப் படுத்துக்கொள்வான். அவனுக்கு வேட்டுச் சத்தம் ஆகாது.

அக்காவை நான் மதித்தது நாய் பழக்கியதற்காக மட்டுமில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவும்தான். டீக்கடைக்காரர் நாயை ஒருமுறை கட்டிவைத்து அடிக்கத் தயாராக இருந்தார்கள். அக்கா கோழியை மடியில் போட்டுப் பார்த்துவிட்டு, கீரி என்றார். கட்டை அவிழ்த்து விட்டார்கள். டீக்கடைக்காரர் மறுநாள் தேங்காய் பழம் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். அவர் வாங்கவில்லையாம். நாய்க்காகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொன்னேன் என்று அனுப்பிவிட்டாராம்.

இன்னொரு முறை செங்கல் சூளையில் வேலை செய்த ஒருவருடைய நாய். அந்த மனிதருக்குக் குடும்பம் இல்லை, நாய்தான் எல்லாம். அக்கா கோழியைப் பார்த்தார், நாயின் வாயைத் திறந்து பார்த்தார், “உன் நாய்தான்” என்றார். அந்த மனிதர் அவர் காலடியில் உட்கார்ந்து, தெரியவில்லை என்று சொல்லிவிடும்மா, அது போதும் என்று கெஞ்சினார். அக்கா சொன்னதை மாற்றவில்லை. வளர்ந்த நாய் ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் நிறுத்தாது, கோழி இருக்கிற ஊரில் அதை வைத்திருக்கக் கூடாது என்பது அவர் சட்டம். அன்று சாயங்காலமே அந்த நாயை முடித்துவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று அவரிடமே கேட்டேன்.

“நான் பொய் சொன்னா செய்யாத நாய அடிப்பாங்கம்மா. யாரோ ஒரு நாய அடிச்சாத்தான் இவங்களுக்குக் கோவம் அடங்கும்.”

இவரைப் போல ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய தைரியம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

போர்மேனுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. என் தங்கை கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் ஊருக்குப் போகவேண்டி வந்தது. நான்கு நாள். வீட்டையும் கோழிகளையும் அக்காதான் பார்த்துக்கொண்டார். கெம்பிக்கு அப்போது வயதாகிக் கண்ணும் மங்கிவிட்டது. தனியாக விட்டால் எங்கேயாவது போய் முட்டிக்கொள்கிறது என்று அதையும் கூட்டி வந்து எங்கள் வீட்டிலேயே தங்கினார்.

நான்காம் நாள் மதியம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தோம். அக்கா வாசல் படலிலேயே நின்றிருந்தார். உள்ளே சாக்கு விரித்து அதில் கோழிகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார். பதினேழு. போர்மேன் முருங்கை மரத்தில் கட்டிக் கிடந்தான். எங்களைப் பார்த்ததும் வாலை ஆட்டினான்.

“இவன்தாம்மா” என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி வெட்டக் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார்.

நான் குனிந்து ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்தேன். முதுகு இறகு நனைந்து ஒட்டியிருந்தது. காயம் அதிகமில்லை. எனக்கே தெரிந்தது, நாய் செய்ததுதான். குஞ்சிலிருந்து என் கையால் தீனி வைத்து வளர்த்த கோழிகள் அவை. இரண்டு அடை கோழிகளும் அதில் கிடந்தன. விறகுக் கட்டிலிருந்து ஒரு சவுக்குக் கட்டையை உருவினேன். ஒரு கையில் செத்த கோழியை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மறுகையால் அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. அவன் கத்தவில்லை. முதல் அடிக்கு வாலை ஆட்டினான், விளையாட்டு என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டான். என் கணவர் ஓடிவந்து கட்டையைப் பிடுங்கினார்.

சட்டப்படி அவனை வைத்திருக்கக் கூடாது. நான் கேட்கும் முன்பே, குழி வெட்டித் திரும்பிய அக்கா, கொல்லவேண்டாம், அஞ்செட்டிப் பக்கம் ஆட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார், அங்கே கோழி கிடையாது, நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். எங்களுக்காகச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறார் என்று நான் நன்றியோடு நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஒரு கயிற்றில் அவனையும் இன்னொரு கயிற்றில் கெம்பியையும் பிடித்துக்கொண்டு போனார். நான் உள்ளேயே இருந்துவிட்டேன்.

எட்டு மாதம் போயிற்று. எங்கள் வேலியை ஒட்டி மல்பெரித் தோட்டம். பட்டுப்பூச்சிக்கு இலை பறிக்கக் கூலிக்கு வரும் பெண் ஒருத்தி அவ்வப்போது தண்ணீர் வாங்கிக் குடிப்பாள். ஒருநாள் சொம்பைத் திருப்பிக் கொடுத்தபோது, உங்க நாய் எங்கே, ரொம்ப நாளாகக் காணோமே என்றாள். பதினேழு கோழியைக் கொன்றுவிட்டது, அனுப்பிவிட்டோம் என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“அன்னிக்கி உங்க நாயி கட்டித்தானக்கா கெடந்துச்சி. அந்தம்மா ஆட்டுக்குத் தழை ஒடிக்க வெளிய போயிருந்தாங்க. அந்தக் கெழட்டு நாயிதான் உள்ள பூந்து ஒன்னொன்னா புடிச்சி உதறுச்சி. உங்களுது கயித்த இழுத்துக்கிட்டு அந்தக் கொரை கொரைச்சிது. அந்தம்மா ஓடியாந்து பாத்துட்டு, தலையில கை வெச்சி அப்பிடியே ஒக்காந்துட்டாங்க.”

ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்தம்மாவே இருந்தாங்களே, சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன் என்றாள். அவள் மேல் தப்பில்லை. அந்த ஊரில் யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

சொம்பை உள்ளே வைக்கக்கூட இல்லை, அப்படியே ஏரிக்கரைக்கு நடந்தேன். அக்கா வீட்டு வாசலில் வெயில் படும் இடத்தில் சாக்கின் மேல் கெம்பி படுத்திருந்தது. அக்கா கேழ்வரகுக் களியைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். நான் நின்ற விதத்திலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கை நின்றது.

“கெம்பியா அக்கா?” என்றேன்.

“ஆமா.”

மறுப்பார் என்று வழியெல்லாம் நினைத்து, அதற்குப் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன்.

“அதுக்குக் கண்ணு தெரியல, புத்தியும் போயிடுச்சி. என்னையே சில நாளு தெரியல” என்றார். “நான் அத சொன்னா அன்னிக்கே அத முடிக்கணும். எத்தன பேரு நாய நான் சொல்லி முடிச்சிருக்காங்க. சூளைக்காரன் என் கால்ல வுழுந்தான். அவன் நாய்க்கி ஒரு ஞாயம், என் நாய்க்கி ஒரு ஞாயமான்னு ஊரு கேக்கும். கேக்கணும். என்னால முடியல.”

“அதுக்கு அதோட புள்ளையவே காட்டிக் குடுப்பீங்களா? என்னைய நம்ப வச்சு ஏமாத்திட்டீங்களே அக்கா.”

அவர் கெம்பியின் வாயோரம் ஒட்டியிருந்த களியைத் துடைத்தார்.

“உனக்கு வேற நாய் கெடைக்கும்மா. எனக்கு இது ஒன்னுதான்.”

அந்த வார்த்தையை இத்தனை வருடத்தில் எப்படியெல்லாமோ புரட்டிப் பார்த்திருக்கிறேன். அது கல் நெஞ்சுக்காரியின் பேச்சில்லை. ஆனால் அதைக் கேட்ட நிமிடத்தில், மாதக்கணக்கில் என் வீட்டு மண்ணில் உட்கார்ந்திருந்த அந்த மனுஷியை எனக்குத் தெரியவே தெரியாது என்று தோன்றியது.

அவன் எங்கே என்று கேட்டேன். அஞ்செட்டியும் பொய். கிருஷ்ணகிரி போகும் வழியில் ஒரு கல் குவாரியில் காவலுக்கு விட்டிருந்தார். கோழி இல்லாத இடமாக, உடனே கேட்டு வாங்கிக்கொள்ளும் இடமாக அது ஒன்றுதான் கிடைத்ததாம். மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்து, களி கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அவனைக் கொலைகாரன் என்று நம்பி நான் ஒருமுறைகூட விசாரிக்கவில்லை. அவன் நிரபராதி என்று தெரிந்தவர் மாதாமாதம் போய்ப் பார்த்து வந்திருக்கிறார்.

மறுநாளே நானும் என் கணவரும் போனோம். இரும்புச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். பாறைக்கு வேட்டு வைக்கும் ஒவ்வொரு நாளும் தண்ணீர் ட்ரம்முக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொள்கிறது, இது காவலுக்கு லாயக்கில்லை, கொண்டுபோங்கள் என்றார் வாட்ச்மேன். விலா எலும்பு தெரிந்தது. என் கணவரிடம் வந்து மோந்தான். என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டான். வழியெல்லாம் வேனில் அவர் காலடியில்தான் படுத்து வந்தான்.

வீட்டுக்கு வந்தவன் கோழிகள் இருக்கும் வேலிக்குள் வரவில்லை. படல் திறந்தே இருந்தது. இழுத்து வந்தால் நடுங்கினான். கோழி பக்கத்தில் வந்தால் எழுந்து தள்ளிப் போனான். வேலிக்கு வெளியே, சாலையைப் பார்த்தபடி படுத்துக்கொண்டான். பனியானாலும் மழையானாலும் அங்கேதான். நரி வராமல் பார்த்துக்கொண்டான், அதில் குறை சொல்ல முடியாது.

அக்காவைப் பற்றி நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று இரண்டு முறை கிளம்பி, பாதி வழியில் திரும்பி வந்தேன். அதற்குத் தேவையும் இல்லாமல் போயிற்று. செத்த கோழியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை அவரே திருப்பி அனுப்ப ஆரம்பித்தார். கண் சரியில்லை என்று காரணம் சொன்னார். ஊர் நம்பியது. அதன்பிறகு ஊரில் கோழி செத்தால் முதலில் கண்ணில் பட்ட நாயை அடித்தார்கள். தடுக்க ஆளில்லை. நாங்கள் இருவரும் சந்தையில் எதிரெதிரே வந்தால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

அடுத்த வருடம் ஐப்பசியில் ஒருநாள் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தார். கையில் துணிப்பை. படலுக்கு வெளியிலேயே நின்றார். நான் கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகவில்லை.

“கெம்பி போயிடுச்சி” என்றார். “நேத்து.”

நான் பதில் சொல்வதற்குள் போர்மேன் எழுந்துவிட்டான். அவ்வளவு வேகமாக அவன் ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. குட்டியைப் போல முனகிக்கொண்டு அவர் இடுப்புவரை தாவினான், கையை நக்கினான், காலைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அவனை என்ன செய்தார் என்பது அவனுக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் சொன்னது ஒரு வார்த்தை, அதுவும் அவனிடம் பேசாத தமிழில்.

வெயில் கண்ணில் அடித்ததால் நெற்றிக்கு மேல் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான். போர்மேன் சட்டென்று தரையோடு ஒட்டிக்கொண்டான். காது இரண்டும் பின்னால் போயிற்று. அக்கா அவனைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். அவன் முதுகில் ரோமத்தை ஊதி விலக்கி, விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

“இவன அடிச்சியா?”

தூக்கிய கையைக் கீழே இறக்கினேன்.

“அன்னிக்கா? நான் குழி வெட்டப் போனப்பவா?”

“ஆமா.”

அவர் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ ஒன்று கைநழுவி உடைந்ததைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

“நீ அடிப்பேன்னு நான் நெனைக்கலம்மா” என்றார்.

உங்கள் பேச்சைக் கேட்டுத்தானே அடித்தேன் என்று கத்தவேண்டும் போலிருந்தது. அது உண்மைதான். ஆனால் கட்டையை உருவும்போது யாரும் என் கையைப் பிடித்து இழுத்துவிடவில்லை. நான் அந்தத் தண்ணீர்ச் சட்டியைப் பிடித்தபடி நின்றேன். அவர் பையிலிருந்து களி உருண்டையை எடுத்து அவனுக்குக் கொடுத்தார், சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார், போனார்.

மல்பெரித் தோட்டம் முடியும் வளைவுவரை போர்மேன் அவர் கூடவே போனான். அங்கே அவர் குனிந்து ஏதோ சொன்னார். அவன் நின்றான். அவர் மறைந்த பிறகும் அந்தச் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஒரே ஒருமுறை கூப்பிட்டேன். வந்தான். என்னிடம் வரும்போது எப்போதும் வருவது போல, நேராக வராமல், தலையைத் தாழ்த்தி, தள்ளிச் சுற்றி வந்தான்.